இடது பக்கப் பெட்டி

நவம்பர் 3, திங்கள்

மன்னார்புரம் சிக்னல் அருகே ஒரு போலீஸ் ரோந்து பைக் நின்றது. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது, இருந்தாலும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். சிவப்பு நீல விளக்கு, முன்னால் கண்ணாடி, சைரன், மைக், பின்னால் பக்கத்துக்கு ஒரு பெட்டி. ஷோரூமில் பார்த்தால் ஒல்லியான வண்டி. போலீஸில் சேர்ந்ததும் அதற்கும் உடம்பு வைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் பேட்ரிசியாவுக்கு ஆர்டர். அடுத்த வாரத்திலிருந்து ஸ்ரீரங்கம் பக்கம் பைக் ரோந்து. பதினோரு வருஷமாக ஸ்டேஷன் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, "உக்காருங்க, ஐயா வந்துடுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த என் மனைவி! அவளுக்கு ஸ்கூட்டர்தான் பழக்கம். இந்த வீட்டில் பைக் என்றால் நான்தான். லேசாகப் பொறாமை. லேசாக என்ன, நன்றாகவே.

நவம்பர் 11, செவ்வாய்

நேற்று அவளுக்கு முதல் நாள். திருவானைக்காவல் கோயில் பக்கம் நிறுத்தும்போது வண்டி சாய்ந்து விழுந்திருக்கிறது. அடி இல்லை. பூக்கடைக்காரர்கள் ஓடி வந்து தூக்கிவிட்டார்களாம்.

"ஓட்டும்போது விழுந்தாக்கூடப் பரவாயில்லங்க. நிக்கிற வண்டி விழுந்துச்சு."

நவம்பர் 16, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் மைதானத்துக்குக் கூட்டிப்போய் என் பைக்கில் பயிற்சி கொடுத்தேன். கிளட்சை விடு, விடாதே, நேரா பார், எங்கே பார்க்கிறே. கத்திவிட்டேன். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டாள், சாவியை என் கையில் வைத்தாள். "கத்துறதுக்கு எனக்கு ஸ்டேஷன்லயே இன்ஸ்பெக்டர் இருக்காரு." ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

மதியம் மீன் குழம்பு இருந்தது. பேச்சு இல்லை.

ஒன்றை மட்டும் குறித்து வைக்க வேண்டும். என் வண்டி அந்த ரோந்து வண்டியைவிடக் கனம். அதை அவள் ஒரு தடவைகூடச் சாய்க்கவில்லை.

நவம்பர் 19, புதன்

மறுபடியும் விழுந்தது. அம்மா மண்டபம் ரோட்டில், கொட்டுகிற மழையில், நிறுத்திக் காலை ஊன்றும்போது. இன்னொரு தடவை என்றால் பழையபடி மேசைதான் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். நனைந்த யூனிபாரத்தோடு வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"மேசை சுகம்தானே, மழை வெயில் கிடையாது" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"பதினோரு வருஷமா வெளியில நடந்ததையெல்லாம் எல்லாரும் எங்கிட்ட வந்து சொல்லிட்டுப் போனாங்க. ஒரு தடவையாவது நடக்குற இடத்துல நான் இருக்கணும்ல?"

அழுதாள். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. அன்னிக்குக் கத்தி இவளை இன்னும் பயமுறுத்திட்டேனோ? வண்டியைப் பத்தி எல்லாம் தெரியும்னு பீத்திக்கிட்டு - ஒரு மயிரும் தெரியல.

நவம்பர் 20, வியாழன்

லீவு போட்டுவிட்டு ஸ்ரீரங்கம் போனேன். ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை. அந்த வண்டி வெளியேதான் நின்றது. நான் குனிந்து பார்ப்பதைப் பார்த்து ஒரு ஏட்டு வந்தார்.

"என்ன சார், வண்டிய இந்த மொற மொறைக்கிறீங்க? எந்த ஊரு?"

பேட்ரிசியா வீட்டுக்காரர் என்றதும் குரல் இறங்கியது, டீ வந்தது. பெயர் மருதை. அதே வண்டியில் அடுத்த ஷிஃப்ட் இவர்தான். வந்த விஷயத்தைச் சொன்னேன். பார்த்துக்கோங்க என்றார்.

இடது பக்கம்: கிளட்ச் லீவரின் முனை வளைந்திருக்கிறது, ஹேண்டில்பார் முனை தேய்ந்திருக்கிறது, இண்டிகேட்டரை டேப் சுற்றி நிறுத்தியிருக்கிறார்கள். வலது பக்கம் நேற்று டெலிவரி எடுத்த மாதிரி பளபள. பேட்ரிசியா இரண்டு தடவை போட்டதில் இவ்வளவு ஆகாது. மருதையைப் பார்த்தேன். அவர் டீயைப் பார்த்தார்.

"நானும் ரெண்டு தடவ போட்டிருக்கேன் சார். பக்கத்துல ஆளில்ல, தப்பிச்சேன்."

இடது பெட்டியைத் திறந்து காட்டினார். முதலுதவிப் பெட்டி, கயிறு, ஒளிரும் கோட்டு, டார்ச், லத்தி, தண்ணீர் பாட்டில்கள், அவருடைய டிபன் கேரியர். சந்தைக்குப் போய் வந்த பை மாதிரி இருந்தது. வலது பெட்டியின் சாவித் துவாரத்தில் மண் அடைத்திருந்தது.

"ஓரமா நிறுத்துறோம் சார். இடது பக்கம் நின்னா நிம்மதியாத் திறக்கலாம். ரோட்டுப் பக்கம் நின்னு திறந்தா பஸ்காரன் முதுகத் தடவிட்டுப் போவான்."

நியாயம்தான். ஆனால் பாரமெல்லாம் இடது பக்கம். நிறுத்தும்போது ஊன்றுவதும் இடது கால். பேட்ரிசியாவுக்கு நுனிக்கால்தான் எட்டும். பிறகு வண்டி எந்தப் பக்கம் போகும்?

வலது பெட்டிச் சாவி எங்கே என்று கேட்டேன்.

"வெளிய வச்சா தொலைஞ்சிரும்னு வீட்டு பீரோவுல பத்திரமா வச்சிருக்கேன் சார்." மூன்று வருஷமாக.

நவம்பர் 22, சனி

சாவி வந்தது. பேட்ரிசியாதான் திறந்தாள். உள்ளே இரண்டு ரெயின்கோட்டு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். மருதை மூன்று மழைக்காலமாக நனைந்துகொண்டிருக்கிறார். அதைச் சொல்லிச் சிரித்தாள். இந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

அவசரத்துக்குத் தேவைப்படாத கனமான சாமான்களையெல்லாம் வலது பக்கம் மாற்றிவிட்டாள்.

நவம்பர் 25, செவ்வாய்

ஷிஃப்ட் முடிந்ததும் மருதை எல்லாவற்றையும் பழையபடி இடது பெட்டியிலேயே போட்டுவிடுகிறார். பழக்கதோஷம். காலையில் இவள் மாற்றுகிறாள், அவர் திரும்பவும் அங்கேயே. நான் வந்து பேசட்டுமா என்றேன்.

"நீங்க சும்மா இருங்க."

நவம்பர் 28, வெள்ளி

பேசிவிட்டாளாம். "அண்ணே, நீங்களும் ரெண்டு தடவ வண்டியப் போட்டத நான் ஐயாகிட்ட சொல்லவே இல்ல" என்று மட்டும் சொன்னாளாம்.

இன்று காலை டிபன் கேரியர்கூட வலது பெட்டியில்.

டிசம்பர் 9, செவ்வாய்

மழை. விழவில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கம் தாங்காத கூட்டம். விடியும் முன்பே கிளம்பிப் போனாள். ஆபீஸில் நான் ஒரு வேலையும் செய்யவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. விழுந்தால் மேசைதான் என்பது ஒரு பயம். அந்தக் கூட்டத்தில், யார் மேலாவது விழுந்தால்?

மாலையில் கால் வீங்கி வந்தாள். சித்திரை வீதி முனையில் வண்டி மேல் உட்கார்ந்து வழிவிடச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, தள்ளுமுள்ளில் ஒரு அம்மா நிலைதவறிப் பெட்டியைப் பிடித்துத் தொங்கிவிட்டார்களாம். வண்டி சாய்ந்திருக்கிறது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, புடிச்சுட்டேன். அந்தம்மாவையும் சேத்து."

இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டுதான் நின்றாராம். நாளைக்கும் இந்த முனை நீங்கதான் என்றாராம், அவ்வளவுதான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே யூனிபாரத்தோடு தூங்கிவிட்டாள். ஷூவை நான்தான் கழற்றினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஜனவரி 4, ஞாயிறு

பூசைக்குக் கிளம்பும்போது என் பைக் சாவியை ஆணியிலிருந்து அவள் எடுத்துக்கொண்டாள். "பின்னாடி உக்காருங்க."

காட்டூர் தாண்டுவதற்குள் இடுப்பு விட்டுப்போனது. பின் சீட் பலகை மாதிரி இருக்கிறது. சின்னப் பள்ளம்கூட முதுகெலும்பில் வந்து சொல்கிறது. கால் வைக்கும் இடத்தில் சைலன்சர் சுடுகிறது. இந்த வண்டிக்கு ஹேண்டில்பார் மாற்றியிருக்கிறேன், சைலன்சர் மாற்றியிருக்கிறேன், டயரைப் பற்றி யார் கேட்டாலும் அரை மணி நேரம் பேசுவேன். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆகிறது. இங்கே ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

"இவ்வளவு வலிக்குதே, ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தினமும் சொன்னேன். உங்களுக்கு இன்ஜின் சத்தம்தான கேக்கும்."