ஷீட் விரிக்காத குட்டை

அண்ணி,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். கூடத்தில் கிடக்கும் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் சுருளின் வாடை வீடு முழுக்க அடிக்கிறது. உங்கள் பண்ணைக்குட்டைக்கு விரிப்பதற்காக உங்கள் தம்பி மானியத்தில் எடுத்து வந்தது. காலையில் ஆட்கள் வருகிறார்கள்.

அந்தக் குட்டையை வெட்டும்போது நான் உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த புதுசு. முழுச் செலவும் அரசாங்கமே தரும் என்பதை ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. வெட்டி முடித்ததும் அதிகாரி போட்டோ எடுக்க வந்தார். நிலத்துக்காரர் கரையில் நின்றால்தான் பணம் ஏறும் என்றார். நீங்கள் சேற்றுக் காலோடு வீட்டுக்கு ஓடி, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தீர்கள்.

"இன்னாக்கா, பொண்ணு பாக்க வராங்களா?" என்றார் ஜேசிபிக்காரர்.

"கவர்மெண்டு பாக்கப் போவுது. கந்தல கட்டிக்கினா நிப்பாங்க?" என்றீர்கள். அதிகாரியே சிரித்துவிட்டார்.

ஷீட்டுக்கும் மானியம் உண்டு, போட்டால் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்று அன்றைக்கே அவர் சொன்னார். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். மண்ணில் ஊறி வீணாகிவிடுமே என்று உங்கள் தம்பி மல்லுக்கு நின்றார்.

"எங்கடா வீணாப் போவுது? கீழ கோவிந்தம்மா கெணத்துக்குத்தான போவுது. போவட்டும்."

அடுத்த மழைக்கே அந்தக் கிணற்றில் தண்ணீர் ஊறிவிட்டது. நம் கொல்லைக்குக் களையெடுக்க வருகிற கோவிந்தம்மா, பள்ளத்தில் தனக்கிருந்த துண்டு நிலத்தில் முதல்முறையாகக் கத்தரி வைத்தார். முதல் பறிப்பை முந்தானையில் கட்டிக்கொண்டு உங்களிடம்தான் வந்தார். பங்குனியில் குட்டை வற்றி நம் சோளம் காய்ந்தபோது, தட்டையை அறுத்து மாட்டுக்குப் போட்டீர்கள்.

நீங்கள் கண்ணை மூடியபிறகு நிலம் எங்களிடம் வந்தது. போன கோடையிலும் பயிர் கருகியது. இந்த வருஷமும் இப்படியானால் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவதாக உங்கள் தம்பி சொல்கிறார். மிரட்டல் இல்லை, அண்ணி. பரண்மேல் கிடந்த பையை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார். ஆனாலும், நான் சரி என்றால்தான் ஷீட் விரிப்பாராம்.

பாப்பா நடக்க ஆரம்பித்துவிட்டாள். கதவு திறந்திருந்தால் குட்டைப் பக்கம்தான் ஓடுகிறாள். மண் கரை என்றால் எதையாவது பிடித்து ஏறலாம். ஷீட்டில் பெரியவர்களுக்கே கால் நிற்காது. இதைச் சொன்னேன். "வேலி போட்டுட்டா சரிதானே?" என்றார். அதற்கும் ஆள் சொல்லிவிட்டார்.

இன்று சாயங்காலம் கோவிந்தம்மா வந்தார். சுருளைத் தொட்டுப் பார்த்தார். "நல்ல கனமா இருக்குதும்மா" என்றார். பாப்பாவைக் கொஞ்சிவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

பாப்பாவைப் பற்றிய பயம் வேலியோடு தீரும். கோவிந்தம்மாவின் கிணற்றுக் கவலையை உங்கள் தம்பியிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால், "அப்ப நான் கெளம்பட்டுமா?" என்பார். அவரும் நம் பிழைப்புக்காகத்தானே பார்க்கிறார். உங்களுக்கு அன்றைக்கு வேண்டாம் என்று சொல்வது சுலபமாக இருந்ததா, அண்ணி? கூடவே இருந்தேன், ஒருநாளும் கேட்கவில்லை. உங்கள் நிலத்தோடு இந்தக் கேள்வியும் என்னிடம் வந்துவிட்டது.

ஆட்கள் வருவதற்குள் பதில் சொல்லுங்கள்.