பத்தொன்பதாவது படம்

தாகேதா, யாங்கோன்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் நியாஸுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வாப்பா, தங்கச்சி ருமானா, நான் மூவரும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம், அங்கே உன் சுகத்தை நீ எழுதினால்தான் எங்கள் சுகமும் முழுசாகும். நாலு நாளாக உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. கப்பல் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறது, ஒரு நாள் லீவு, பழைய பள்ளிவாசல் ஊரான கைரவானுக்குப் போய்ப் படம் எடுக்கிறேன் என்று வெள்ளிக்கிழமை எழுதினாய், படங்களும் வந்தன, அதோடு சரி. சனிக்கிழமையிலிருந்து எங்கள் வார்டில் நெட் இல்லை. ஆனால் நெட் இருக்கிற கியாக்டடா பக்கம் கடை வைத்திருக்கும் பர்கத்துல்லா மாமு போனுக்கும் நீ எதுவும் போடவில்லையாம். இந்தக் கடிதத்தை அவர்தான் படம் பிடித்து உனக்கு அனுப்புவார்.

நீ அனுப்பியது இருபத்தாறு படம், வழக்கம்போல நோட்டில் ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தேன். பெரிய பள்ளிவாசல் தூண்களைப் பார்த்து அழுதுவிட்டேன். நீலக் கதவு, அதன் படியில் தூங்கும் பூனை, கம்பளக் கடைக்காரர், எல்லாம் அழகு. பத்தொன்பதாவதில்தான் கண் நின்றது. பழைய மதில், அதில் ஓர் இரும்புக் கதவு, மேலே சின்னப் பலகை. உனக்கு அரபு எழுத்துக் கூட்டத் தெரியும், பொருள் தெரியாது, ஓதுகிற இடத்திலிருந்து பந்தடிக்க ஓடியவன்தானே. நான் தினமும் மஃரிபு தொழுகைக்குப் பிறகு குர்ஆனில் வாக்கிஆ சூரா ஓதுகிறவள். சொர்க்கத்துக் கனிகள் தடுக்கப்படாதவை என்று அதில் வரும், அந்த மம்னூஉ தான் பலகையில் முதல் வார்த்தை. அடுத்தது முஸவ்விர் என்ற அல்லாஹ்வின் திருநாமத்தோடு ஒட்டினது, உருவம் சம்பந்தப்பட்டது. உம்மா சூராவை முடித்து இப்போது சுவரையும் ஓதுகிறார் என்று ருமானா கேலி செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மாமு வந்தபோது காட்டினேன், துபாயில் பதினொரு வருஷம் இருந்தவர், அவர் சிரிக்கவில்லை. படம் எடுக்கத் தடை என்று போட்டிருக்கிறது, போலீஸ், பட்டாளக் கட்டடங்களில் இப்படி எழுதுவார்கள் என்றார்.

அப்போதிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு மைமூன் மகன் மாஹிர், போனில் இருந்த ஒரே ஒரு படத்துக்காகப் பாலத்துப் பட்டாளச் சோதனையில் பிடிபட்டு ஒன்பது நாள் கழித்து வந்தது உனக்குத் தெரியும். வருகிற வெள்ளி கப்பல் கிளம்பும் என்றாயே. அங்கே உன்னைப் பிடித்து வைத்து, அது உன்னை விட்டுப் போனால் உன்னை இங்கேதான் அனுப்புவார்கள், இங்கே பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் உன் பெயர் இருக்கிறது. வார்டு ஆபீஸ்காரர் போன வாரமும் வந்தார், மகன் கப்பலில் என்றேன், எப்போது வருவான் என்றார், நான் தேநீர் ஊற்றப் போய்விட்டேன். அதனால் சொல்கிறேன், யாராவது கேட்டால் பொய் சொல்லாதே, வாதாடாதே, எழுத்து புரியவில்லை என்று சொல்லி அவர்கள் முன்னாலேயே படத்தை அழித்துவிடு.

நம் போனிலும் அழி என்கிறார் வாப்பா, பாலத்தைத் தாண்டித்தானே வேலைக்குப் போகிறார். நியாயம்தான். ஆனால் மற்ற இருபத்தைந்திலும் நீ இல்லையப்பா. இதில்தான், பலகைக்கு நேர் கீழே, கேமராவைத் தூக்கிப் பிடித்த உன் நிழல் சுவரில் விழுந்திருக்கிறது. இரண்டு நாளாக வாப்பா போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்.

உன்னை அல்லாஹ்விடம் அமானிதமாக ஒப்படைத்திருக்கிறேன். தொழுகையை விடாதே, ஆயத்துல் குர்ஸி ஓதாமல் கரையில் இறங்காதே. மாமு நம்பருக்கு, இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை போடு. அந்த நிமிஷமே அழித்துவிடுகிறேன்.

துஆவுடன்,
உன் உம்மா
சுல்தான் பீவி