கழியைத் தாண்டக் கூடாத பம்பு

786

சின்னத்துறை, பரங்கிப்பேட்டை வழி
12-7-1964

அன்பு மகன் அபுல் ஹசனுக்கு வாப்பா குலாம் முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். மனதளவில் நான் சுகமாக இல்லை, அதற்குக் காரணம் நீ. பினாங்கில் நீ சுகமாக இருக்கிறாய் என்பது உன் கடிதத்தின் மிடுக்கிலேயே தெரிந்துவிட்டதால் தனியாகக் கேட்கவில்லை. முதலில் நல்ல சேதியை எழுதுங்கள் என்று உன் உம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள், எழுதிவிடுகிறேன். உன் தங்கை அமீனாவுக்கு ஏழாம் மாதம். வாந்தி நின்றுவிட்டது, சூடைக் கருவாடு கேட்டுக் கடலூரிலிருந்து ஆள் அனுப்புகிறாள், அவள் மாமியார் வீட்டில் கருவாட்டு வாடையே ஆகாதாம். வருகிற மாதம் அழைத்து வந்து வைத்துக்கொள்ளப் போகிறோம். நல்ல சேதி இவ்வளவுதான். இனிமேல் எழுதப்போவதைப் படிக்கும்போது கடையில் கூட்டம் இருந்தால் மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படி. கோவமா எழுதாதீங்க, புள்ள தூரத்துல இருக்குது என்று உன் உம்மா கையைப் பிடிக்கிறாள். தூரத்தில் இருப்பதால்தான் எழுதுகிறேன், பக்கத்தில் இருந்தால் எழுத்து எதற்கு, கை போதும்.

நீ அனுப்பிய கடிதம் வந்தது. எனக்கு அல்ல, தீயணைப்புக் கமிட்டித் தலைவருக்காம். அந்தத் தலைவன் உன்னைப் பெற்றவன் என்பது உனக்கு மறந்துபோயிற்று போலிருக்கிறது. டைப் அடித்து, பினாங்குச் சின்னத்துறை முன்னேற்றச் சங்கச் செயலாளர் என்று கையெழுத்துப் போட்டு, அதன்மேல் ஊதா மையில் சீல் வேறு. பெற்ற தகப்பனுக்கு சீல் குத்திக் கடிதம் எழுதிய முதல் பிள்ளை நம் ஊரில் நீதான். அதையும் வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் பம்புக் கொட்டகை, சின்னத்துறை என்று போட்டிருக்கிறாய். தபால்காரன் என்னைத் தேடி வந்து, பாய், இது ஒங்க ஊட்டுக்கா கொட்டாய்க்கா என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனான். போகட்டும், அதில் எழுதியிருந்ததுதான் எனக்கு எரிகிறது. உப்பங்கழிக்கு அக்கரையில் இருக்கிற ஆலங்குப்பத்தோடு கமிட்டியைச் சேர்க்கக் கூடாது, பினாங்குக்காரர்கள் வியர்வை சிந்தி வாங்கிக் கொடுத்த பம்பு கழியைத் தாண்டக் கூடாது, எங்கள் பெயர் பொறித்த தகடு அதில் இருக்கும் வரை அது சின்னத்துறைக்கே சொந்தம், இப்படி மூன்று தீர்மானம். எங்கே உட்கார்ந்து போட்டீர்கள்? மின்விசிறிக்குக் கீழேதானே?

கத்திரி வெயிலில் ஆலங்குப்பத்தில் தீப்பிடித்தது என்று போன தபாலில் இரண்டு வரிதான் எழுதியிருந்தேன். பிள்ளை பயந்துவிடும் என்று உன் உம்மா சொன்னதால் சுருக்கினேன். தப்பாகப் போயிற்று, இப்போது விவரமாகக் கேள். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வருகிறேன், கழிக்கு அந்தப் பக்கம் புகை. நெல் அவிக்கிற அடுப்பிலிருந்து பொறி பறந்து கிழக்குத் தெருக் கூரையில் விழுந்திருக்கிறது, மேல்காற்று வேறு. அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் பழனிவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதகுப் பாலத்தின்மேல் ஓடி வருகிறார். மாமா, எங்க மிசினு ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது, ஒங்க பம்ப தள்ளிக்கினு வாங்க, ஒங்க காலுல வேணாலும் உழுறேன் என்றார். நம் கமிட்டிக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா, பினாங்குல ஒரு வார்த்த கேக்காம எப்புடி மாமா என்றார்கள். எரிகிற கூரைக்குத் தண்ணீர் ஊற்றப் பினாங்கில் உத்தரவு வாங்க வேண்டுமாம்! எவனாவது குறுக்கே நின்னா அவன மொதல்ல கழியில தள்ளுவேன் என்று கத்திக்கொண்டு கொட்டகையை நானே திறந்தேன்.

பம்பைக் குறை சொல்ல மாட்டேன், முதல் இழுப்பிலேயே உறுமிக்கொண்டு கிளம்பியது. பாலத்தில் தள்ளி ஏற்ற நேரமில்லை, இந்தக் கரையிலேயே நிறுத்திக் கழியில் குழாயைப் போட்டுத் தண்ணீரும் எடுத்தாயிற்று. ஆனால் நம் ஓஸ் பைப்பை எலி கடித்து, உப்புக்காற்றில் இற்று, பாலத்தைத் தாண்டுவதற்குள்ளேயே தண்ணீர் எல்லாம் எங்கள் மேலேயே பீச்சி அடித்தது. ஆலங்குப்பத்தாரிடம் கான்வாஸ் பைப்பு புதுசாகச் சுருட்டி இருக்கிறது. கொண்டு வந்து மாட்டப் பார்த்தால் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்று உனக்குத் தெரியும் அபுல் ஹசன், என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடையது அழுத்தி மாட்டுகிற வாய், நம்முடையது மரை வெட்டித் திருகுகிற வாய். பம்பு வாங்கும்போது இரண்டு தினுசும் அந்தக் கடையில் கிடைத்தது, ஆலங்குப்பத்தாரிடம் எது இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, வேண்டுமென்றே மற்றதை வாங்கினேன், இனி எவனும் இரவல் கேட்டு வரமாட்டான் என்று நீதான் பெருமையாக எழுதினாய். கமிட்டியில் அதை உரக்கப் படித்து உன் மூளையை மெச்சினார்கள். அந்த மூளையைத்தான் அன்றைக்கு வெயிலில் நின்று பார்த்தோம், கழியின் இந்தக் கரையில் தண்ணீர், அந்தக் கரையில் தீ, நடுவில் சேராத இரண்டு பித்தளை வாய்.

இரண்டு வாயையும் ஒட்டி வைத்து ஈரச் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் வரிந்து கட்டினோம். கிழக்குத் தெரு முத்தம்மாள் மகன் தங்கராசு இரண்டு கையாலும் அந்தக் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உடுங்க தண்ணிய என்று கத்தினான். அவன் வீடு எரிவது அவனுக்கு நேர் எதிரே தெரிகிறது, கட்டை விட்டுவிட்டு ஓடவில்லை. பம்பு வேகம் எடுத்ததும் கட்டுப் பிய்த்துக்கொண்டது, பித்தளை வாய் எகிறி அவன் மணிக்கட்டில் அடித்து எலும்பு முறிந்துவிட்டது. எடுத்த தண்ணீர் அத்தனையும் திரும்பக் கழியிலேயே விழுந்தது. முத்தம்மாள் பசுவை அவிழ்க்க உள்ளே ஓடினாள், பசு வெளியே வந்துவிட்டது, கூரை அவள்மேல் சரிந்தது. முதுகும் வலது கையும் வெந்துபோய் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சிதம்பரம் தீயணைப்பு வண்டி வந்தபோது சுவர்கள்தான் மிச்சம், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவ்வளவு தூரம் வர வேண்டும். கிழக்குத் தெருவே போய்விட்டது.

முத்தம்மாள் யார் என்று உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறதே, அதுதான் என் நெஞ்சைப் போட்டு அறுக்கிறது. நீ பிறந்து உன் உம்மா ஜன்னி கண்டு கிடந்தபோது, பாலம் கட்டாத காலத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் கழியைக் கடந்து வந்து தன் பிள்ளை தங்கராசுக்குக் கொடுத்த பாலை உனக்கும் கொடுத்தவள். நம் மார்க்கத்தில் பால் கொடுத்தவள் தாய் என்று உனக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, தங்கராசு உனக்குக் கூடப் பிறந்தவன் மாதிரி. அந்தப் பால் கழியைத் தாண்டி வரலாம், உன் பம்பு கழியைத் தாண்டக் கூடாதா? எந்த வாயால் இதைத் தீர்மானமாக வாசித்தாய்? தூ!

கமிட்டிக்காரர்கள் சங்கத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, சேர்ப்பது என்றால் என்னவோ ஊரையே தூக்கிக் கொடுத்துவிடுவதைப் போல எழுதியிருக்கிறாய். பஞ்சாயத்து யூனியன் ஆபீசிலிருந்து வந்தவர் சொன்னது இதுதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன ஊர், இரண்டிடத்திலும் மிஷின் இருக்கிறது, இரண்டிடத்திலும் ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை, பெட்ரோலுக்கு வழியில்லை, இப்படியே விட்டால் அடுத்த கோடைக்குள் இரண்டும் துருப்பிடித்துப் போய்விடும். இரண்டு கமிட்டியையும் ஒன்றாக்கி, பாலத்தடியில் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால் பெட்ரோலும், மாதச் சம்பளத்துக்கு ஒரு மிஷின்காரனும் யூனியன் பொறுப்பு. இதில் யார் பெரியவன் யார் சின்னவன் என்ற பேச்சு எங்கே வந்தது? அவர்களிடம் பைப்பு, நம்மிடம் பம்பு. சேர்ந்தால் தண்ணீர், சேராவிட்டால் வேடிக்கை. ஆலங்குப்பத்திலும் சில பேர், பாய்மாரு கமிட்டில போயி கைகட்டி நிக்கணுமா என்று குதித்தார்கள். பழனிவேல் அவர்களை, எரிஞ்ச தெருவுல போயி நின்னுக்கினு சொல்லுங்கடா என்று ஒரே அதட்டில் அடக்கிவிட்டார். அடங்காதது பினாங்கு மட்டும்தான்.

உன் கடிதத்தைக் கமிட்டியில் படித்ததும் எல்லோரும் பின்வாங்கிவிட்டார்கள். சங்கத்து வார்த்தையை மீறப் பயம், நாளைக்குப் பள்ளிவாசல் ஓடு மாற்ற, ஏழைக் குமர்களுக்குக் கல்யாணக் காரியம் பார்க்க உங்களிடம்தானே வர வேண்டும். நான் வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் பெயர் பொறித்த தகடு அதில் இருக்கும் வரை என்று எழுதியிருக்கிறாய் பார், அதைப் படித்ததும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய், பம்பில் இருந்த அந்தப் பித்தளைத் தகட்டை நானே கழற்றினேன். முதல் பெயர் உன்னுடையது. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் சிதம்பரத்தில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற தேவசகாயத்திடம் போனேன். ஒரு பக்கம் மரை, ஒரு பக்கம் அழுத்து வாய், இரண்டு பைப்பையும் சேர்க்கிற மாதிரி இதை உருக்கி ஒரு வளையம் வார்த்துக் கடைந்து கொடு என்றேன். அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேரெல்லாம் அழிஞ்சி பூடுமே பாய், பரவால்லியா என்றார். அழியணும்னுதான் கொண்டாந்தேன் என்றேன். பித்தளை போதாது என்றார், திரும்பி வந்து சொன்னேன். உன் உம்மா உள்ளே போய்த் தன் வெற்றிலைப் படிக்கத்தைக் கழுவி எடுத்து வந்து வைத்தாள், இதையும் போட்டுக்கச் சொல்லுங்க என்றாள். உனக்காகப் பரிந்து பேசுகிறவள் செய்த காரியம் இது. அப்படித்தான் உன் பெயரும் உன் உம்மா துப்பிய படிக்கமும் ஒன்றாக உருகின.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்ட முத்தம்மாள் முதல் இரண்டு ஊரும் கழிக்கரையில் நிற்க, வெள்ளோட்டம் பார்த்தோம். தங்கராசு கட்டுப் போட்ட கையோடு வந்து வளையத்தை மற்ற கையால் மாட்டினான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. தண்ணீர் பாலத்தைத் தாண்டிப் போய், எரிந்த கிழக்குத் தெருவின் கரியில் விழுந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். முத்தம்மாள் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டு, இந்தத் தண்ணி அன்னிக்கி வந்திருக்கக் கூடாதா பாய் என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள், நானும் அழுதேன். அங்கேயே யூனியன் ஆபீசரிடம் கூட்டுக் கமிட்டிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம், பழனிவேலும் நானும். நீ போட்ட நிபந்தனையை நான் ஒரு எழுத்துக்கூட மீறவில்லை. பம்பில் உங்கள் பெயர் இல்லை, அதனால் அது கழியைத் தாண்டும். சங்கத்தில் கூச்சல் போட்டால் என் பெயரைச் சொல்லு, அந்தக் கிழவன் அப்படித்தான் என்று சொல்லு.

கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதனால் சொல்கிறேன், சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, ஐஸ் தண்ணீர் குடிக்காதே, உனக்கு நெஞ்சுச் சளி உண்டு. தொழுகையை விடாதே. அமீனாவுக்குப் பிரசவமாகிற சமயம் வர முடிந்தால் வா. உன்னை அல்லாஹ் நல்ல நசீபோடு நீண்ட ஆயுளோடு வைக்கட்டும், அந்த துஆவில் மட்டும் எனக்கு உன்மேல் கோபம் கிடையாது. ஒன்று மறக்காதே. முத்தம்மாள் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அபு எளைச்சிருக்குமா, அந்த ஊரு சோறு ஒத்துக்கிச்சா என்று. உன் கடிதத்தைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை, சொன்னால் நாக்கை அறுத்துவிடுவேன் என்றிருக்கிறேன். அவளுக்கு உன் கையால் நாலு வரி எழுது, டைப் வேண்டாம், சீல் வேண்டாம். அவளுக்கு இன்னும் வீடு எழும்பவில்லை. பம்பைப் பாலத்தடிக்குக் கொண்டு போனதும் நம் கொட்டகை காலியானது, அவளும் தங்கராசும் பசுவும் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். ஆகவே முகவரி உனக்குத் தெரிந்ததுதான், முன்பு எழுதிய மாதிரியே பம்புக் கொட்டகை, சின்னத்துறை என்று போடு.

இப்படிக்கு,
உன் வாப்பா
குலாம் முகம்மது