திரும்பிப் பார்க்காமல்

இன்று மத்தியானம் அத்தை விளக்குச் சுடரில் வசம்பைச் சுட்டார்கள். அந்தக் கருகல் வாசனை வந்ததும் நீயும் வந்துவிட்டாய். மூன்றாம் வகுப்பில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் வாயிலிருந்து வந்த அதே வாசனை.

"தேன்ல உரசி நாக்குல வச்சா கடகடன்னு பேசிருவா, நீ வேணா பாரு" என்றார்கள் அத்தை. என் மகள் வாயை இறுக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டாள். நாலு வயது. ஆற்று வெள்ளம் எங்கள் தெருவுக்குள் புகுந்த நாளிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வெள்ளத்தை நீ பார்க்கவில்லை. அதற்கு முந்திய வருடமே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உனக்கும் இதெல்லாம் நடந்தது. கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் உன் கண் முன்னால் உன் அப்பாவை ஆறு இழுத்துக்கொண்டு போனது. அதோடு உன் பேச்சும் நின்றது. உன் அம்மா வசம்பு வைத்தார்கள். கோயில் மணியின் மேல் தண்ணீர் ஊற்றி, வழிந்ததைப் பிடித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். வகுப்பில் டீச்சர் உன் பெயரைக் கூப்பிட்டால் நான் எழுந்து, "வந்திருக்கா டீச்சர்" என்பேன். உனக்குத் தாகமா, வயிற்று வலியா, எல்லாவற்றுக்கும் நானே பதில். அதில் எனக்குப் பெருமை வேறு.

உங்கள் மொட்டை மாடியில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்த அந்தச் சனிக்கிழமை நினைவிருக்கிறதா? நாம் இருவரும் காவல். நான் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"சூ! போ சனியனே!"

திரும்பினேன். காக்கையை விரட்டிக்கொண்டு நீ நின்றாய். ஐந்து மாதம் கழித்து வந்த குரல்!

நான் என்ன செய்தேன்? படியில் உருளாத குறையாக இறங்கி, "பேசிட்டா! வாங்க, அவ பேசிட்டா!" என்று ஊரைக் கூட்டினேன். மாடி நிறைய ஆட்கள்.

"எங்க, இன்னொரு மட்டம் சொல்லு ராசாத்தி."

"காக்காகிட்ட மட்டுந்தான் பேசுவியோ?"

"அம்மான்னு ஒரு தடவ கூப்பிடுளா, பெத்தவ ஏங்கிக் கெடக்கா."

நீ சுவரோடு ஒட்டி நின்றாய். மறுபடி நீ பேச அடுத்த வருடம் பள்ளிக்கூடம் திறக்க வேண்டியிருந்தது.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும்போது இதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். நீ சிரித்தாய். "ஏட்டி, நீ மட்டும் திரும்பாம இருந்திருந்தா ரெண்டாவது காக்காயவும் அன்னைக்கே வெரட்டிருப்பேன்."

டாக்டரம்மா, மகளின் காதும் நாக்கும் நன்றாக இருக்கின்றன என்கிறார்கள். "பயந்த பிள்ளைக்குச் சில நேரம் பேச்சு உள்ள போயிரும். பேசு பேசுன்னு நெருக்காதீங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சும்மா?" என்று கேட்டார்கள். தண்ணீர் வந்தது என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

கீழ்வீட்டில் இருந்த அத்தையைத் தூக்கிவர, இவர் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினார். நான் பிள்ளையோடு மாடிப்படியில் நின்றேன். அவள் வீறிட்டுக்கொண்டிருந்தாள். எங்கேயோ ஒரு சுவர் சரிந்தது. அதற்குப் பிறகு இவர் குரல் கேட்கவில்லை. "வாய மூடு! அப்பா சத்தம் கேக்கணும்!" என்று அவள் வாயைப் பொத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இவர் அத்தையோடு வந்து சேர்ந்தபோது அவள் கன்னத்தில் என் விரல் பதிந்திருந்தது. அவள் அழவில்லை.

அவளைப் பயமுறுத்தியது ஆறா, நானா? தினமும் அவளுக்குச் சோறு ஊட்டும்போது என் கையைப் பார்த்து எனக்கே பயமாக இருக்கிறது.

இன்று சாயங்காலம் மழை பிடித்தது. இவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். கட்டிலுக்கடியிலிருந்து பிசிறாக ஒரு குரல்.

"அம்மா, அப்பா சத்தம் கேக்கா?"

இத்தனை மாதமும் பிள்ளை எனக்காக வாயை மூடிக் காத்துக்கொண்டிருந்ததா? அத்தை பக்கத்து அறையில்தான் இருந்தார்கள். "பேசிட்டா" என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். ஒரு பாவாடையை மடித்தேன். பிரித்து, திரும்ப மடித்தேன்.

"கேட்டுச்சு பாப்பா. அப்பா அன்னைக்கே வந்துட்டாங்க" என்றேன் ஜன்னலைப் பார்த்தபடியே. "இனி நீ சத்தம் போடலாம்."

மழை மட்டும். பிறகு ஒரு சின்னக் கை பைய என் முதுகைத் தொட்டது.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நாளைக்குப் பேசுவாளா என்று பயந்துகொண்டே இதை எழுதுகிறேன். ஆனால் வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லையடி.