அது உன் இருமல் இல்லை, நைனா

நைனா,

ஞாயிற்றுக்கிழமை காலை என் பாக்கெட்டில் போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், உன் ஸ்கோப் என் போனோடு இணைந்துவிட்டதாகக் காட்டுகிறது. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். உன் கருவி மட்டும் என்னைத் தேடி வந்து ‘இருக்கியா?’ என்று விசாரிக்கிறது. உயிரோடு இருந்தபோது உனக்கே அந்தப் பழக்கம் கிடையாது.

கூடத்துக்கு ஓடி வந்தேன். உன் நாற்காலியில் குணா உட்கார்ந்து ஸ்கோப்பை ஆன் செய்து பார்த்துக்கொண்டிருந்தான். தோல் பதனிடும் டேனரியின் எலக்ட்ரீஷியன் குணாவேதான். உன் வேலையை வாங்கிக்கொண்டவன், இப்போது உன் ஸ்கோப்பையும் வாங்கிப் போக வந்திருந்தான். அம்மா ஸ்கோப் பையைத் திறந்து வைத்திருந்தாள். பச்சைத் தோலும் சுண்ணாம்பும் கலந்த அந்த நாற்றம் வீடு முழுக்க. நீ சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாத நாற்றம். நீயே போனபிறகும் அது போகவில்லை.

அந்த ஸ்கோப்பை எப்படிப் பார்த்துக்கொண்டாய்! செங்கல் அளவு இருக்கும். செங்கலைவிடக் கனம் கம்மி, நம் இரண்டு பேரையும்விடப் புத்தி ஜாஸ்தி. கம்பிக்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று திரையில் அலையாக வரைந்து காட்டும். மஞ்சளில் ஒன்று, நீலத்தில் ஒன்று என இரண்டு அலைகளை ஒரே நேரத்தில் பார்க்கலாம். பேட்டரியில் ஓடுவதால் எந்த மூலைக்கும் தூக்கிப் போகலாம். ஓடுகிற அலையை அப்படியே உறைய வைத்து நிதானமாகப் படிக்கலாம். மழையில் நீ நனைந்தாய், அதற்குக் கோட்டு போட்டாய். “தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்” என்பாய். எனக்கு நீ சொன்ன தாலாட்டு அது ஒன்றுதான்.

உன் கை நடுக்கத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது. டீ கிளாஸில் பாதிதான் ஊற்ற வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. ஒருநாள் நான் கேட்டேன்: “நைனா, இன்னா இன்னிக்கி, சைலண்ட் மோடா வைப்ரேட் மோடா?” செருப்பு பறந்து வந்தது. கை நடுங்கினாலும் குறி தப்பவில்லை. காது வலித்தாலும் உள்ளுக்குள் ஒரு சபாஷ் போட்டேன்.

தொடக்கூடாது என்றால் தொடாமல் என்ன செய்யலாம் என்றுதானே என் மூளை வேலை செய்யும்? ஸ்கோப்பின் முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தில் வைஃபை பாஸ்வேர்டு இருந்தது. அதற்குரிய ஆப்பைப் போனில் இறக்கினேன். திரையில் தெரிவதெல்லாம் என் போனில் தெரிந்தது. பட்டன்களும் அங்கேயே வந்தன. நீ கூடத்தில் ஒரு அடாப்டரைப் பிரித்துச் சோதித்துக்கொண்டிருந்தாய். நான் சமையலறையில் இருந்தபடியே உன் அலையைக் குட்டையாக்கினேன், நெட்டையாக்கினேன், உறைய வைத்தேன். நீ ஸ்கோப்பைத் தட்டினாய். அதைத் தயாரித்தவன் பரம்பரையையே திட்டினாய். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாட்டிக்கொண்டேன்.

“தொடாதேன்னு சொன்னனா இல்லியா?”

“தொடவே இல்லியே நைனா.”

அடி விழும் என்று கன்னத்தைக் கெட்டிப்படுத்திக்கொண்டு நின்றேன். நீ என் போனையே பார்த்துக்கொண்டிருந்தாய். மறுநாள் காலை வண்டியைக் கிளப்பி, “ஏறு” என்றாய். உதவி செய் என்று நீ என்னிடம் கேட்டது அவ்வளவுதான். ஒரே ஒரு சொல், அதுவும் அதட்டலாக.

டேனரியில் தோல்களைப் போட்டு உருட்டும் டிரம்மு ஒவ்வொன்றும் ஒரு அறை அளவு இருக்கும். அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டிகளைப் பழுது பார்ப்பது உன் வேலை. கரண்டை நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, உடம்பைப் பெட்டியோடு சாய்த்து, எப்படியோ ஸ்கோப்பின் கொக்கிகளைக் கம்பிகளில் மாட்டிவிடுவாய். ஆனால் ஓடும்போது அழுத்தவேண்டிய பட்டன்கள் சின்னவை. பார்ப்பவர்களோ பலர். அதனால் உள்ளங்கையால் பட்டன்களை மூடி அழுத்துவதுபோல் நிற்பாய். வெளியே ஜன்னலோரம் உப்பு மூட்டைமேல் கேம் ஆடுகிற பாவனையில் நான் உட்கார்ந்திருப்பேன். நீ ஒருமுறை இருமினால் அலையைப் பெரிதாக்கவேண்டும். இரண்டுமுறை இருமினால் உறைய வைக்கவேண்டும்.

ஊரே இருமுகிற இடத்தில் இருமலைச் சைகையாக வைத்த புத்திசாலிகள் நம் இருவரைத் தவிர யாரும் இருக்க முடியாது.

உன் கை சரியில்லை என்று யாரோ மேனேஜர் காதில் போட்டிருந்தார்கள். வருஷக் கான்ட்ராக்டைப் புதுப்பிப்பதற்கு முன் நேரில் பார்த்துவிடலாம் என்று அவர் ஒருநாள் வந்து உன் பக்கத்தில் நின்றார். பின்னால் குணா. டிரம்மு உருளும் சத்தம். நீ முகத்தைத் துடைக்க ஸ்கோப்பிலிருந்து கையை எடுத்த நேரத்தில் இருமல் கேட்டது, இரண்டு. உறைய வைத்தேன்.

“இன்னாய்யா, நீ தொடவேயில்ல, நின்னுடுச்சி?”

“ஆட்டோமேட்டிக்கு சார்.”

மறுபடி ஒரு இருமல். பெரிதாக்கினேன். நிமிர்ந்தேன். இரண்டு தடவையும் இருமியது குணா.

அவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். “ஆட்டோ இல்ல சார், ஷேர் ஆட்டோ. டிரைவரு வெளிய குந்திக்கினு கீது பாருங்க.”

நீ வெளியே வந்தாய். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அறைந்தாய். “வெளையாட்டுக் கழுத சார் இது. வேல நேரத்துல பேஜார் பண்ணுது.” நான் குறும்புக்காரி என்று ஊருக்கே தெரியும். அது உனக்கு நன்றாக உதவியது. எல்லாரும் நம்பினார்கள். நானும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இளித்தேன். தப்பித்தாய் என்றுதான் நினைத்தேன்.

“சரி, பொண்ணு போன எங்கிட்ட குடுக்கட்டும். நீயே அழுத்திக் காட்டு” என்றார் மேனேஜர்.

உன் விரல் பட்டனை நோக்கிப் போனது. பக்கத்துப் பட்டனில் விழுந்தது. திரும்பிப் போனது, மறுபடி வேறெங்கோ விழுந்தது.

“சார், அண்ணன் வைப்ரேட் மோட்ல கீறாரு” என்றான் குணா. நான் உன்னிடம் அடித்த அதே ஜோக். எல்லாரும் சிரித்தார்கள், மேனேஜரும்தான். அவ்வளவு நல்ல ஜோக்கா அது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வண்டி பாலாற்றுப் பாலம் தாண்டியது. பிறகு திரும்பாமலே சொன்னாய்: “பெத்த அப்பன் இருமல் தெரில உனுக்கு.”

அடித்ததற்கு ஒரு சொல், வேலை போனதற்கு ஒரு சொல், எதுவும் இல்லை. அதன்பிறகு என்னோடு நீ முழுசாக ஒரு வாக்கியம் பேசியதாக நினைவில்லை. மழைக்காலம் போனபோது நீயும் போனாய். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். ஐஸ் பெட்டிக்குள் உன் கை ஆடாமல் கிடந்தது. பெட்டியை மூடுவதற்கு முன் தொட்டுப் பார்த்தேன். ஒடிச்சிடுவேன் என்று நீ சொல்லவில்லை.

இப்போது எனக்கு இருமல்களெல்லாம் தெரிகின்றன, நைனா. பஸ்ஸில், பாலிடெக்னிக் வகுப்பில், பக்கத்து வீட்டில் யார் இருமினாலும் கேட்ட நொடியே தெரிகிறது, நீ இல்லை என்று. காலம் கடந்து வந்த அறிவு. அதற்கு மார்க்கும் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குணா உன் பழைய அடாப்டரில் கொக்கிகளை மாட்டினான். அலை திரையில் அழகாக நின்றது.

“நல்லாத்தான் கீதுக்கா. அவரு கை ஆடுன ஆட்டத்துக்குப் பட்டனெல்லாம் போயிருக்கும்னு நெனச்சேன்” என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தான். அம்மா தரையைப் பார்த்தாள். சிரித்த சிரிப்பில் அவனுக்கு இருமல் வந்தது.

அலையை ஓரிடத்தில் பிடித்து நிறுத்துவது டிரிக்கர். போனில் அதை அலைக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கிவிட்டேன். பிடி விட்ட அலை திரை முழுக்க நடுங்கியது. குணா கொக்கியை அழுத்திப் பிடித்தான். நடுக்கம் நிற்கவில்லை. கழற்றி மாட்டினான், பட்டன் பட்டனாக அழுத்தினான். அவன் சரிசெய்யச் சரிசெய்ய நான் மறுபடி தூக்கினேன்.

“இன்னாண்ணே, கை நடுங்குதா ஒனுக்கு?” என்று கேட்டேன்.

அவன் தன் விரல்களை ஒருதரம் விரித்துப் பார்த்துக்கொண்டான். நைனா, அந்த முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். “பழுதுக்கா இது, வேணாம்” என்று எழுந்து போய்விட்டான்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “நீதான?”

“தொடவே இல்லம்மா.”

“அவரு செத்தும் ஒனுக்குப் புத்தி வர்ல” என்று பையைத் தூக்கி என் கட்டில்மேல் போட்டுவிட்டு உள்ளே போனாள். அங்கேதான் இருக்கிறது, நாறிக்கொண்டு.

அவன் இருமியது உன் இருமல் இல்லை, நைனா. இந்தத் தடவை எனக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் அழுத்தினேன்.