அசையாத கோடு

ஐப்பசி, செவ்வாய் இரவு

கன்னிவாடியில் மழை இன்னும் விடவில்லை. மழை வராது என்று அப்பாவிடம் சொன்னவள் நான்தான். வங்கக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும் மிதவை அனுப்பும் காற்றழுத்த அளவைக் கவனிப்பது என் வேலை. மூன்று நாளாகத் திரையில் அந்த அளவின் கோடு அசையவில்லை. கடல் அமைதியாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன். அழுத்தம் தினமும் இருமுறை ஏறி இறங்கும் என்பது முதல் வருடப் பாடம். பாவி, எனக்கு உறைக்கவில்லை. மிதவை பழுதாகி, கடைசி அளவையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

என்னை நம்பி அப்பா சின்ன வெங்காயத்தைப் பிடுங்கிக் காட்டிலேயே காயப்போட்டார். அத்தனையும் சேற்றில் கிடக்கிறது.

நனைந்து வந்தவர் திட்டவே இல்லை. "மழை எப்ப விடும்னு பாத்துச் சொல்லுத்தா. மிச்சத்தையாச்சும் அள்ளணும்" என்றார்.

கூடத்தில் இன்னும் விழித்திருக்கிறார். என் திரையில் இன்னும் அதே கோடுதான். நான் விளக்கை அணைத்தால், பார்த்து முடித்துவிட்டேன், பதில் கிடைத்துவிட்டதென்று எழுந்து வருவார்.