வத்சலா புருஷன் போன கப்பல்

10-9-87, வியாழன்

வேர்க்கடலை இந்த வருஷமும் மானாவாரிக் கொல்லையிலேயே கருகிவிட்டது. களையெடுக்க எங்களைக் கூப்பிட ஆளில்லை. டூரிங் கொட்டாயும் மூடிக்கிடக்கிறது. ஆனாலும் வாரப் புத்தகத்தை எங்கள் தெருப் பெண்கள் நிறுத்தவில்லை. வீட்டுக்கு ஒரு முட்டை கொடுப்பார்கள். டீக்கடை செல்லமுத்து அதை வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை பஸ்ஸில் வரும் புத்தகத்தை என்னிடம் தருவான். படிப்பது நான். என் வயசில் அஞ்சாம் கிளாஸ் பாஸ் பண்ணினவள் இந்தத் தெருவில் வேறு யார்?

தொடர்கதையில் வத்சலாவின் புருஷன் போன கப்பல் இன்று புயலில் மாட்டிக்கொண்டது. அதோடு 'தொடரும்'.

"இன்னா பெரியம்மா, மொட்டையா நிறுத்திட்டே!" என்று பாப்பாத்தி சண்டைக்கு வந்தாள். நானா நிறுத்தினேன்?

16-9-87

மகன் தனசேகரன் அரிவாள் தீட்டுகிறான். நாளையிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல். இடஒதுக்கீடு கிடைத்தால் நம்ம பிள்ளைங்களுக்கு வேலை வரும் என்கிறான்.

"மறியலுக்கு அருவா எதுக்குடா?"

"ரோட்டுல மரம் தானா வுழுமா யம்மா?"

மருமகள் ராஜாம்பாள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

18-9-87

பஸ் இல்லை. புத்தகம் இல்லை. தனசேகரனும் வரவில்லை.

20-9-87, ஞாயிறு

எலவனாசூர்கோட்டை ரோட்டில் போலீஸ்காரர்கள் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்களாம். எங்கேயோ சுட்டுவிட்டார்களாம். யாரை, எந்த ஊரில்? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ராஜாம்பாள் நேற்றிலிருந்து கூழைத் தொடவில்லை.

சாயங்காலம் பெண்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். பாதி வீட்டில் ஆம்பிளை இல்லை. ராஜாம்பாள்தான் வாய் திறந்தாள்.

"அத்தே, அந்தக் கப்பல் இன்னா ஆச்சு?"

புத்தகம் வரலன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரல. மறியலுக்கு முந்தின கடைசி பஸ்ஸிலேயே வந்துவிட்டது என்று சொல்லி உள்ளே போனேன். பழைய புத்தகம் ஒன்றுக்கு நியூஸ் பேப்பர் அட்டை போட்டு எடுத்துவந்தேன். கண், தலைவலித் தைல விளம்பரத்தில்; வாய், நடுக்கடலில். கப்பல் உடைந்தது, வத்சலா புருஷன் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டான். கடலை நான் பார்த்ததே இல்லை. தென்பெண்ணை வெள்ளத்தில் எங்கள் மாடு மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு நீந்தினதைப் பார்த்திருக்கிறேன். அதையே சொன்னேன்.

'தொடரும்' என்று முடித்தேன். ராஜாம்பாள் எழுந்து போய்க் கூழ் குடித்தாள்.

24-9-87, வியாழன்

பஸ் ஓடுகிறது. இரண்டு வாரப் புத்தகமும் சேர்ந்து வந்தன. முதலில் நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். பாவி, கொன்னுட்டான்! வத்சலா புருஷனைக் கப்பலோடு மூழ்கடித்துவிட்டான். எழுதினவன் வூட்டுல யாருமே வெளியூருக்குப் போனதில்லையா?

தனசேகரனைப் பற்றி இன்னும் ஒரு சேதியும் இல்லை.

சாயங்காலம் புதுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு என் கதையையே தொடர்ந்தேன். படம் இருப்பதை மறந்துபோனேன். பக்கம் முழுக்க வத்சலா. நெற்றியில் பொட்டில்லை, கையில் வளையலில்லை. ராஜாம்பாள் எட்டிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினாள். எழுத்து தெரியாவிட்டால் படமும் தெரியாதா? பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வேற கதைக்கு வரைஞ்ச படத்த மாத்திப் போட்டுட்டானுங்க," என்று திருப்பிக் கொடுத்தாள். "நீ படி அத்தே."

பக்கத்தைத் திருப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து படித்தேன்.

27-9-87

சரக்கு வாங்கக் கடலூர் போன செல்லமுத்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். ஜெயிலுக்குக் கொண்டுபோகிற கூட்டத்தில் தனசேகரனைப் பார்த்தானாம்.

"தலையில கட்டு. ஆனா நடந்துதான் போனான் பெரியம்மா. கண்ணால பாத்தேன்."

ராஜாம்பாள் அவனை அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள்.

15-10-87, வியாழன்

தனசேகரன் போன வாரம் வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். இடது காது சரியாகக் கேட்கவில்லை. இன்று அவனும் கதை கேட்க உட்கார்ந்தான். பத்தாவது வரை போனவன் ஆயிற்றே, பழைய புத்தகங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தான்.

"யம்மா, இந்த ஆளு போன மாசமே செத்துட்டான்னு போட்டிருக்குது! நீ இன்னாத்த படிச்சிக்கினு கீற?"

ஒருத்தியும் சிரிக்கவில்லை. ராஜாம்பாள் புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"பத்தாவது படிச்சும் ஒழுங்கா படிக்கத் தெரியல. எங்க அத்த அஞ்சாங்கிளாசு. கம்முனு கேளு."

அவன் நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டான். வத்சலா புருஷனை இன்று ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டேன்.